நீலத் தோங் தண்ணீர்

1. நுரை

சிராப் தண்ணீரில், அந்த ரோஸ் சர்பத்தில், நுரை நிற்காது. கலக்கும்போது கொஞ்சம் எழும்பும், உடனே அடங்கிவிடும். அன்று நான் போய்ப் பார்த்தபோது வாளியின் மேல் ஒரு விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை நின்றுகொண்டிருந்தது.

போர்டிக்சன் சாலையிலிருந்து உள்ளே போகும் செம்பனைத் தோட்டத்துப் பள்ளி அது. பள்ளி நடக்கும் நாளில் பிள்ளைகளுக்குக் காலை உணவு கிடைத்துவிடும். ஆண்டு இறுதி விடுமுறையில் கிடைக்காது. பெற்றோர் வேலைக்குப் போய்விட, வீட்டில் மெகி நூடுல்ஸ் மட்டும் இருக்கும். அதனால் நாங்கள் சில பேர் சேர்ந்து, மம்பாவில் ஒன்று, செண்டாயான் பக்கம் ஒன்று, இந்தத் தோட்டத்தில் ஒன்று என மூன்று பள்ளிகளில் விடுமுறைச் சாப்பாடு நடத்தினோம். நான் பல வருடம் பள்ளிக் கேண்டீன் எடுத்து நடத்தியவள். மூன்று இடத்தையும் வேனில் சுற்றிப் பார்ப்பது என் பொறுப்பு.

அன்று எங்கோ குழாய் வெடித்து, தோட்டத்துக்குத் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் லோரி வரும் என்றார்கள், வரவில்லை. ஆனாலும் நான் போய்ச் சேர்ந்தபோது சோறு வடித்து, பருப்பு இறக்கி, சிராப்பும் கலக்கி வைத்திருந்தார் சமையல்கார மேரி அக்கா. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள்.

நுரையைத் தொட்டேன். விரல் வழுக்கியது. முதலில் வாளியை யாரோ சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சரியாக அலசவில்லை என்றுதான் நினைத்தேன்.

"மேரி அக்கா, எந்தத் தண்ணி இது?"

"மணியம் மண்டோர் கொண்டாந்து குடுத்தாரு. பின்னால இருக்கு பாரு, நீலத் தோங்கு. பாவம், டிராக்டர்ல வச்சு அவரே ஓட்டிக்கிட்டு வந்தாரு."

பின்னால் போனேன். அந்தப் பிளாஸ்டிக் பீப்பாய்த் தோங்கில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. கையை விட்டு ஒரு சுழற்று சுழற்றினேன். நுரை பொங்கி வந்தது. தோங்கின் வெளிப்புறத்தில் லேபிள் எதையோ கிழித்தெடுத்த பசைத் தடம் சதுரமாக இருந்தது. புல்லு மருந்து கலக்கும் தோங்கோ என்று பொறி தட்டியது.

நான் உள்ளே ஓடினேன். மேரி அக்கா முதல் பிள்ளைக்குச் சோறு போடக் கரண்டியைத் தூக்கியிருந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்ததில் சோறு தரையில் சிதறியது.

"யாரும் சாப்பிடாதீங்க! தட்ட கீழ வையுங்க!"

2. நாக்கு

மேற்பார்வைக்கு வந்திருந்த ஷாமினி டீச்சருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஆண்டி, ஷூவரா? காலையிலேர்ந்து வெறும் வயித்துல இருக்குதுங்க. நல்லா பாத்துட்டு சொல்லுங்கலா."

"பாக்கறதுக்கு நேரம் இல்ல டீச்சர். எல்லாத்தையும் கொட்டுங்க. சோறு, பருப்பு, எல்லாமே அந்தத் தண்ணிதான்."

மணியம் மண்டோர் வெளியே டிராக்டர் பக்கத்தில் நின்றிருந்தார். தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் கூட்டத்துக்கு அவர்தான் மண்டோர், கங்காணி. ஐம்பது வயதுக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். சத்தம் கேட்டு உள்ளே வந்தார்.

"என்னாக்கா?"

"மருந்து தோங்குலயா தண்ணி புடிச்சீங்க?"

"சேச்சே. தண்ணி தோங்குதாங்க்கா. மூணு தடவ கழுவிட்டுத்தான் புடிச்சேன்."

"தண்ணி தோங்க எதுக்கு மூணு தடவ கழுவினீங்க?"

 அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவரைத் துரத்திக்கொண்டு ஓட எனக்கு நேரமில்லை.

சிராப் யார் யார் குடித்தார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்கக் கூடாது என்று மேரி அக்கா சொல்லி வைத்திருந்தார். ஆனால் வெயிலில் வந்த பிள்ளைகள் சும்மா இருக்குமா? "யாரு குடிச்சா?" என்று டீச்சர் கேட்டார். ஒரு கையும் எழவில்லை. எல்லாம் தரையைப் பார்த்தன. அடி விழும் என்று பயம்.

நான் குரலைத் தாழ்த்தினேன். "குடிச்சது தப்பில்ல கண்ணுங்களா. ஒருத்தரும் ஏசமாட்டோம்." அப்போதும் ஒரு பையன்தான் கை தூக்கினான்.

அவன் வாயைப் பார்த்ததும் எனக்கு யோசனை வந்தது. உதடெல்லாம் ரோஸ் நிறம். "எல்லாரும் நாக்க நீட்டுங்க" என்றேன். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவனோடு சேர்த்து நான்கு நாக்கு சிவந்திருந்தது. கடைசியில் ஒரு சின்னப் பெண் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். தர்ஷினி, ஒன்றாம் ஆண்டு. டீச்சர் மடியில் தூக்கி வைத்துக் கெஞ்சிய பிறகுதான் வாயைத் திறந்தாள். மற்ற எல்லாரையும்விட அவள் நாக்குதான் சிவப்பாக இருந்தது. இரண்டு டம்ளர் குடித்திருந்தாள்.

ஐந்து பேரையும் வேனில் ஏற்றினேன். ஷாமினி டீச்சர் பின்னால் உட்கார்ந்தார். மற்றப் பிள்ளைகளுக்குக் கடையிலிருந்து ரொட்டியும் பாட்டில் தண்ணீரும் வாங்கிக் கொடுக்கச் சொல்லி, தோங்கை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள மேரி அக்காவை விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். செம்மண் பாதையில் பள்ளத்துக்குப் பள்ளம் வேன் குதித்தது. பெரிய சாலையில் ஏறும் முன்பே தர்ஷினி வாந்தி எடுத்தாள். சிவப்பாக வந்தது. சிராப்தான் என்று தெரியும். தெரிந்தும் வேனை இன்னும் வேகமாக விரட்டினேன்.

3. பெயர்

போர்டிக்சன் மருத்துவமனையில் இருந்தது ஓர் இளம் தமிழ் டாக்டர். பிள்ளைகளைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஆண்டி, எந்த மருந்துன்னு எனக்குத் தெரியணும். புல்லு மருந்துல நெறைய வகை இருக்கு. சிலது வயித்து வலியோட போயிடும். ஒண்ணு இருக்கு, இன்னிக்கு நல்லா சிரிச்சு வெளையாடுவாங்க. சில நாள் கழிச்சு மூச்சு விட முடியாது."

"அத இப்ப தடை பண்ணிட்டாங்க இல்ல?"

"தடைதான். பழைய ஸ்டாக் எந்த ஸ்டோருல கெடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? டெஸ்டுக்கு அனுப்புறேன், ஆனா ரிசல்டு வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. பேரு கெடைக்குமா?"

மணியத்துக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அதற்குள் தர்ஷினியின் அம்மா கோகிலா, செண்டாயான் தொழிற்சாலையிலிருந்து யூனிபோர்மோடு ஓடி வந்தார். மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சோறு போட வந்தீங்களா, கொல்ல வந்தீங்களா? நாங்க கேட்டமா ஒங்க சோத்த?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.   நான் கைப்பேசியைக் காதிலேயே வைத்திருந்தேன். மூன்றாவது முறை மணியம் எடுத்தார். 

"மண்டோர், டாக்டர் என் முன்னால நிக்கிறாரு. ஒரு பேரு சொன்னா போதும்."

"மேனேஜர் வாயத் தொறக்க வேணாங்கிறாருக்கா. ஸ்டோரப் பூட்டி சாவிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

"ஒங்களுக்கு அந்தப் பேரு தெரியாதா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுக்கா. பச்ச மூடின்னுதான் தெரியும். பச்ச மூடி ரெண்டு வகை இருக்கு."

 போனை வைத்துவிட்டார். திரும்ப அடித்தேன், அணைத்து வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் காத்திருந்ததுபோல என் வேலைக் காலத்தில் நான் எதற்கும் காத்திருந்ததில்லை. பிள்ளைகள் ஐவரும் படுக்கையில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சொன்னது காதில் இருந்ததால், அவர்கள் சிரிக்கச் சிரிக்க நான் ஒவ்வொரு பிள்ளையின் மூச்சையும் கவனித்துக்கொண்டிருந்தேன். மற்றத் தாய்மார்களும் வந்து சேர்ந்தார்கள். டாக்டர் இரண்டு தடவை வந்து, "பேரு?" என்று கண்ணாலேயே கேட்டுவிட்டுப் போனார். ஷாமினி டீச்சர் போலீசுக்குச் சொல்லிவிடலாம் என்றார். சரி என்று நான் எழுந்தபோது, வாசலில் மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்டது.

மணியம் மண்டோர் பூட்ஸ் காலோடு வந்தார். கோணிச் சாக்கில் சுற்றி எதையோ மார்போடு அணைத்திருந்தார். தாதி தடுத்தார். அவர் நிற்கவில்லை. நேரே டாக்டரிடம் போய்ச் சாக்கைப் பிரித்தார். லேபிள் ஒட்டிய கேன்.

"இதத்தான் அந்தத் தோங்குல கலக்குவோம் டாக்டர். ஸ்டோர் பூட்ட ஒடச்சு எடுத்துக்கிட்டு வந்தேன்."

"வேற எதுவும் அதுல கலக்கலயா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லங்க. நான்தான் கலக்குவேன், என் கையால. இன்னொரு பச்ச மூடி இந்த வருசம் தொடவே இல்ல."

டாக்டர் லேபிளை ஒருமுறை படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

"அது இல்ல ஆண்டி. நான் பயந்தது இது இல்ல. கழுவின தோங்குல மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். இன்னிக்கு ராத்திரி இங்க இருக்கட்டும், பாத்துக்கலாம்."

கோகிலா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து அழுதார். மணியம் அவர் பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்தார். "தங்கச்சி, புள்ளைங்க பசியா இருக்குமேன்னுதான் அவசரத்துல..." என்றார்.  கோகிலா அவரைப் பார்க்கவும் இல்லை, ஏசவும் இல்லை.

மறுநாள் ஐந்து பேரும் வீடு திரும்பினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மணியத்தை மட்டும் மண்டோர் வேலையிலிருந்து இறக்கிச் செம்பனைக் குலை வெட்டும் கூட்டத்தில் போட்டார்கள். பூட்டை உடைத்ததற்கு என்று காரணம் சொன்னார்கள். நானும் டீச்சரும் மேனேஜரைப் போய்ப் பார்த்தோம். எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

4. சட்டியைத் திற

நிறுத்திவிடலாம் என்று எங்கள் குழுவில் சிலர் சொன்னார்கள். நான் மறுத்தேன். புதுத் தொட்டி வாங்கி வைத்து, குழாய்த் தண்ணீர் வந்ததும் மறுபடி ஆரம்பித்தோம். முதல் நாள் ஒரு பிள்ளைகூட வரவில்லை. சமைத்ததை மம்பாவுக்குக் கொண்டுபோனேன்.

இரண்டாம் நாள் கோகிலா வந்தார், தர்ஷினியைக் கையில் பிடித்துக்கொண்டு. மகளை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"சட்டியத் தொறங்க."

மேரி அக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது. நான் திறந்தேன். குனிந்து மோந்து பார்த்தார். தொட்டி மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தார். தண்ணீரை மொண்டு குடித்தார். சோறும் குழம்பும் கொஞ்சம் போட்டுத் தின்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, தனக்கு ஏதும் ஆகிறதா என்று காத்திருந்தார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். கடைசியில் மகளைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

அதைப் பார்த்து மற்ற வீட்டுப் பிள்ளைகளும் ஒவ்வொன்றாக வந்தன. கோகிலா தொழிற்சாலையில் ஷிப்டை மாற்றிக்கொண்டு தினமும் வந்தார். தினமும் மூடியைத் திறக்கச் சொன்னார். "இன்னுமா நம்மள நம்பல?" என்று மேரி அக்கா முணுமுணுப்பார்.

இந்தச் சேவைக்குப் புதிதாக வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். நல்லது செய்ய வந்தவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. நானும் மேரி அக்காவும் மணியம் மண்டோரும் நல்லதுதான் செய்தோம், ஒருவரை ஒருவர் கேட்காமல் செய்தோம். உங்கள் சட்டியைத் திறந்து பார்க்கும் ஓர் ஆளை ஒவ்வோர் இடத்திலும் தேடி வைத்துக்கொள்ளுங்கள். அவர் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

அந்த விடுமுறை முடியும் வரை கோகிலா ஒரு நாள்கூட என்னை நம்பவில்லை. மூன்று பள்ளிகளில் நான் பயமில்லாமல் பரிமாறியது அங்கே மட்டும்தான்.