சுவரில் தொங்கிய பாண்

நொர்வேயில், ரொம்சோஸ் என்ற இடத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் குசினியில், யன்னலுக்குக் கீழே ஒரு மின்சார ஹீற்றர் இருந்தது. வீட்டைச் சூடாக்கத்தான் அதை அங்கே பூட்டியிருக்கிறார்கள் என்பது மற்றவர்களின் எண்ணம். அம்மாவைப் பொறுத்தவரை அது வடகம் காயவைக்கிற சாமான். மாரியில் மத்தியானம் தாண்டியதுமே இருட்டிவிடுகிற நாட்டில் வெயிலை நம்பினால் எல்லாம் பூஞ்சணம் பிடித்துப் போகும் என்று சொல்லி, யன்னல் கட்டின்மேல் ஒரு தட்டை வைத்து, கீழேயிருந்து வருகிற சூட்டில் வடகத்தையும் மோர்மிளகாயையும் சுக்காகக் காயவைத்துவிடுவார். என் குளிர்ச்சட்டைகூட மோர்மிளகாய் மணக்கும்.

நான் இரண்டாம் வகுப்புப் படித்த மாரியில் ஒரு நாள், பள்ளிக்குக் கொண்டுபோகிற பாண் ரொட்டி வீட்டில் முடிந்துவிட்டது. அம்மா என் மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் புட்டும் மீன்பொரியலும் வைத்துவிட்டார். நானும் வீட்டில் சாப்பிடுவதுபோல் கையை வைத்து ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த பையன் என் விரல்களைப் பார்த்து, மூக்கைச் சுருக்கி, "ஏஷ்!" என்றான். அருவருப்பைக் காட்ட நொர்வேஜிய மொழியில் அதைவிடச் சின்னச் சொல் கிடையாது. இத்தனைக்கும் அவன் தன் சீஸ் பாணைக் கையில்தான் பிடித்திருந்தான். இந்தப் பதில் எனக்குத் தோன்ற இருபது வருடம் எடுத்தது.

அன்று இரவு அம்மா வழக்கம்போலச் சோற்றைக் குழைத்து ஒரு கவளத்தை என் வாய்க்கு நேரே நீட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எனக்கு முள்ளுக்கரண்டி வேணும்."

அப்பாவின் தம்பி அப்போது எங்களோடுதான் இருந்தார். சித்தப்பாவுக்கு வாய் சும்மா இராது. "ஓகோ, துரைசாணி அம்மா வந்திட்டா! எல்லாரும் எழும்பி நில்லுங்கோ!" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. எழும்பிப் போய் ஒரு முள்ளுக்கரண்டியைக் கழுவிக் கொண்டுவந்து தந்தார். அதன்பிறகு அவர் எங்களோடு மேசையில் இருந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார். "எனக்கு இப்ப பசியில்லை, நீங்கள் சாப்பிடுங்கோ" என்பார். நான் பல்லுத் தீட்டப் போகும்போது எட்டிப் பார்த்தால், குசினியில் முதுகைக் காட்டி நின்றபடி தனியே சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அம்மா பிந்திப் பசிக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வகுப்பு ரீச்சர் புத்தகத்தைத் திறந்து விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள் இல்லை. தண்ணீரைப் பற்றிப் பாடமென்றால் வாளி வரும். காந்தமென்றால் மேசை முழுக்க ஆணி கொட்டும். அதே மாரியில் ஒரு நாள் ஆளுக்கொரு பிளாஸ்ரிக் பையைத் தந்து வீட்டுப்பாடம் சொன்னார். வீட்டில் ஒரு துண்டுப் பாணை எடுத்து, கழுவாத கையால் நன்றாக அமத்தி, பைக்குள் போட்டு மூடிக் கொண்டுவர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நம் கைகளிலிருந்து பாணில் ஏறி எப்படி வளர்கின்றன என்று பார்ப்போம் என்றார். பைகளை அவரவர் பெயரோடு வகுப்புச் சுவரில் தொங்கவிடப் போகிறாராம்.

மற்றப் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். நான் என் கையைப் பார்த்தேன். சோறு, குழம்பு, புட்டு எல்லாம் குழைத்த கை இது. வகுப்பிலேயே என் பாண்தான் பச்சைப் பசேலென்று போகப்போகிறது. அதைப் பார்த்து அந்தப் பையன் சொல்லப்போகிற சொல்லும் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து பாணை வைத்துக்கொண்டு கையை மடிக்குள் ஒளித்தபடி இருந்தேன்.

"என்ன பிள்ளை, ஏன் முகம் ஊதிப்போய்க் கிடக்கு?" என்றார் அம்மா.

"நான் முள்ளுக்கரண்டியாலை அமத்தட்டே?"

சித்தப்பா விடுவாரா? "முள்ளுக்கரண்டியாலை அமத்தினா முள்ளுக்கரண்டிக்குத்தானே மாக்ஸ் போடுவினம்!"

எனக்கு அழுகை பீறிட்டு வந்துவிட்டது. "நான் கையாலை சாப்பிடுறனான், என்ரை பாண்தான் ஊத்தையாப் போகும், அவன் ஏஷ் எண்டு எல்லாருக்கும் காட்டுவான்" என்று நடந்த கதை முழுவதையும் விக்கி விக்கிக் கொட்டினேன். சித்தப்பா பகிடியை விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தார்.

அம்மா என் கையை மடியிலிருந்து இழுத்தெடுத்தார். விரித்து வைத்துச் சற்று நேரம் பார்த்தார். பிறகு உள்ளங்கையில் கொஞ்சினார்.

"நல்ல கை. என்ரை பிள்ளையின்ரை கை. வடிவா அமத்து, பயப்பிடாதை."

அமத்தினேன். பைக்குள் போடப் போனபோது தடுத்தார்.

"இப்ப மூடவேண்டாம். காத்துப் படட்டும். விடிய மூடுவம்."

பாண் துண்டை வடகத் தட்டில், வடகங்களுக்கு நடுவில் வைத்தார். ஹீற்றரின் திருகையும் கொஞ்சம் கூட்டிவிட்டார். விடிய எடுத்தபோது பாண் பலகைபோல் இருந்தது. ஏனென்று கேட்டேன். "இந்த நாட்டுப் பாண் உப்பிடித்தான்" என்று சொல்லிப் பையை மூடினார்.

அடுத்தடுத்த நாட்களில் சுவரைப் பார்க்காமல் என் இருக்கைக்குப் போகப் பழகிக்கொண்டேன். ஒரு காலை வகுப்பே சுவரடியில் கூடி நின்றது. ஒருத்தியின் பாணில் நீலப்புள்ளிகள். ஏஷ் சொன்ன பையனின் பாணில் சாம்பல்நிறத் தாடியே முளைத்திருந்தது. என் பாண் மட்டும் முதல் நாள் போலவே வெள்ளையாகத் தொங்கியது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பையன் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துவிட்டுக் காற்சட்டையில் துடைத்தான். ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்!

ரீச்சர் என் பையைக் கழற்றி விரலால் அமத்திப் பார்த்தார். பாண் 'மொறுக்' என்று உடைந்தது. உன்னோடு வீட்டில் யார் இதைச் செய்தது என்று கேட்டார். அம்மா என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பையைத் திரும்பவும் அதே இடத்தில் கொழுவிவிட்டு, எல்லோருடைய கையிலும் ஒரேமாதிரி உயிர்கள்தான் இருக்கின்றன, ஆனால் அவை வளர ஈரமும் வேண்டும் என்று வகுப்புக்கு நீளமாக ஏதோ விளக்கினார். யார் கேட்டது? என் கை சுத்தமான கை. எனக்கு அது போதும்.

இன்று நானும் லில்லெஸ்ட்ரோமில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். இதே பரிசோதனையைச் செய்கிறேன். ஆனால் ஒரே பாணை வகுப்பிலேயே வெட்டிக் கொடுத்து, அங்கேயே பையை மூடிவிடுவேன். அம்மாக்களை நம்ப ஏலாது.

என் பாண் வெள்ளையாகத் தொங்கிய அன்று, வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் ஓடினேன். "அம்மா, என்ரை பாண்தான் வெள்ளை! என்ரை கைதான் சுத்தம்!" என்று கத்தினேன். சித்தப்பா என்னைப் பார்த்தார், யன்னல் கட்டில் இருந்த தட்டைப் பார்த்தார்.

"அண்ணி, நீங்கள் அதிலை வடகம் மட்டும்தான் காயவைக்கிறனீங்கள் எண்டெல்லோ..."

அம்மா முறைத்த முறைப்பில் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

இரவு சோறும் மீன்குழம்பும். தட்டுக்குப் பக்கத்தில் இருந்த முள்ளுக்கரண்டியைத் தள்ளிவிட்டு, ஐந்து விரலாலும் குழைத்து ஒரு பெரிய வாய் வைத்தேன். அம்மா கறிச்சட்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். பிறகு இன்னொரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். குழைத்து முதல் கவளத்தை எனக்குத் தீத்தினார். அடுத்ததைத் தான் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வடிந்தது. "மிளகாய் கூடிப்போச்சு" என்றார். எனக்கு உறைக்கவே இல்லை.

அம்மா அன்று தன் தட்டில் இரண்டாம் தரமும் சோறு போட்டார். மூன்றாம் தரமும் போட்டார். பாவம், அவருக்கு இன்றைக்கு நேரத்துக்கே பசித்துவிட்டதாக்கும் என்று நினைத்தபடி, நான் என் விரல்களை நக்கிக்கொண்டிருந்தேன்.