தோசைத் திருப்பியால் தட்டிய தூண்

இந்தச் சாட்சியைச் சொல்ல நம் சபையில் இரண்டு முறை எழுந்து நின்றேன். இரண்டு முறையும் பாதியிலேயே அழுகை வந்து உட்கார்ந்துவிட்டேன். சண்டை போடும்போது வராத அழுகை, நன்றி சொல்லும்போது மட்டும் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. அதனால் இந்த முறை எழுதியே கொடுக்கிறேன். அன்பானவர்களே, கடைசிவரை வாசியுங்கள்.

என் பெயர் எஸ்தர். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறேன். கரண்ட் பெட்டியில் மாட்டுகிற பீங்கான் ஃபியூஸ்தான் அங்கே அதிகம் செய்கிறோம். சூளையிலிருந்து வருகிற ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, சின்ன இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பது என் வேலை. நல்ல பீங்கான் கணீரென்று பேசும். உள்ளே விரிசல் இருந்தால் 'பொத்' என்று செத்த சத்தம் வரும். மேலே பளபளப்பு பூசியிருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். காலையிலிருந்து சாயந்திரம் வரை தட்டு, கேள், ஒதுக்கு. அவ்வளவுதான்.

இந்த வேலையை நான் வெறுத்தேன். பதினான்கு வருஷம் ஒரே ஜெபம். "ஆண்டவரே, இந்தத் தட்டுற வேலையிலிருந்து என்னை விடுவியும். நாலு பேருக்கு முன்னால் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு வேலை கொடும்." உபவாசம் இருந்துகூடக் கேட்டேன். பதிலே இல்லை. என் மகள் கிருபாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, சம்பந்தியம்மா என்னிடம், "நீங்க கம்பெனியில என்ன வேலைங்க?" என்று கேட்டார்கள். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "சூப்பர்வைசருங்க" என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பொய் அப்படியே நிலைத்துவிட்டது. மாப்பிள்ளையும் என்னை சூப்பர்வைசர் அத்தை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை டேனியலுக்கு அகமதாபாத்தில் வேலை. கிருபாவையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். பத்து மாடிக் கட்டிடத்தில் ஏழாவது மாடியில் வீடு. 2001 ஜனவரியில் அவளுக்கு ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வர நான்தான் போனேன். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை செய்கிற என் வீட்டுக்காரர், கரும்பு அரைக்கிற சமயம் என்பதால் வரவில்லை. போய்ப் பார்த்தால் பிள்ளைக்குக் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. ரத்த அழுத்தம் வேறு. டாக்டர் மாத்திரை கொடுத்து, தவறாமல் போடச் சொல்லியிருந்தார்.

இருபத்துநாலாம் தேதி கிளம்புவதாக இருந்தோம். டிக்கெட் காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்டது. இருபத்தேழாம் தேதிக்குத்தான் கிடைத்தது. எனக்கு ஆண்டவர்மேல் கோபமான கோபம். "ஒரு டிக்கெட்கூட வாங்கிக் கொடுக்க உமக்கு முடியலையா?" என்று கேட்டேன். ஆமாம், அப்படித்தான் கேட்டேன். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

இருபத்தாறாம் தேதி, வெள்ளிக்கிழமை, குடியரசு தினம். மாப்பிள்ளைக்கு லீவு. காலை எட்டே முக்கால் இருக்கும். நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். முதலில் அடியில் ஒரு உறுமல் கேட்டது. லாரி ஏதோ போகிறது என்று நினைத்தேன். அதற்குள் தோசைக்கல் அடுப்பைவிட்டு நகர்ந்தது. பிரிட்ஜ் தானாக இரண்டடி நடந்து வந்தது. பிறகு வீடே ஆட ஆரம்பித்தது.

குலுங்கும் என்றுதான் நினைத்திருப்பீர்கள். குலுங்கியது கொஞ்சம்தான். ஊஞ்சல் மாதிரி ஆடியது. இந்தப் பக்கம் சாயும், நின்று யோசிக்கும், அந்தப் பக்கம் சாயும். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போகும். சமையலறை ஜன்னல் வழியாக எதிர்க் கட்டிடத்தின் உச்சி எங்கள் பக்கம் வந்து வந்து போனது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் ததும்பி, ஜன்னலுக்கு வெளியே மழையாகக் கொட்டியது. சுவர்கள் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

கிருபா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா! அம்மா!" என்று கத்தினாள். மாப்பிள்ளை அவள்மேல் குனிந்து மறைத்துக்கொண்டார். நான் தவழ்ந்து போய் அவள் வயிற்றில் கை வைத்தேன். வேதத்தில் எத்தனை ஜெபம் இருக்கிறது, ஒன்றும் வாயில் வரவில்லை. "ஏசப்பா, புள்ள! ஏசப்பா, புள்ள!" இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று என்னிடம் கேட்காதீர்கள். நின்றது. நின்ற பிறகும் கட்டிடம் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டே இருந்தது.

இரண்டு பேருமாக அவளைத் தாங்கிப் பிடித்து ஏழு மாடி இறக்கினோம். படிக்கட்டெல்லாம் சிமெண்டுப் பொடி. எதிரே இருந்த காலி மைதானத்தில் போய் விழுந்தபோதுதான் பார்த்தேன், என் கையில் தோசைத் திருப்பி இருந்தது. செருப்பு இல்லை, கைப்பை இல்லை, தோசைத் திருப்பியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறேன்!

கட்டிடம் பார்க்க அப்படியே நின்றது. அங்கங்கே சுவரில் கீறல், அவ்வளவுதான். பக்கத்துத் தெருவில் ஒரு கட்டிடம் விழுந்துவிட்டது என்று ஓடுகிறார்கள், அழுகிறார்கள். எங்கள் கட்டிடத்து ஜனங்களுக்கோ கொஞ்ச நேரத்தில் தைரியம் வந்துவிட்டது. ஒவ்வொருவராக மேலே போய்ப் பணம், நகை, கம்பளி என்று எடுத்து வந்தார்கள். ஒருவர் டிவியைக்கூடத் தூக்கி வந்தார்.

பதினோரு மணி வாக்கில் கிருபா தலையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, கண்ணு முன்னால பூச்சி பறக்கற மாதிரி இருக்குதும்மா" என்றாள். காலையில் போட வேண்டிய மாத்திரையைப் போடவில்லை. மாத்திரையும் ஆஸ்பத்திரி ஃபைலும் மேலே இருந்தன. மாப்பிள்ளை எழுந்தார். "அத்தை, நீங்க இவளப் பாத்துக்குங்க. அஞ்சு நிமிஷத்துல போயிட்டு வரேன்."

மாத்திரை இல்லாவிட்டால் மகளுக்கு ஆபத்து. போனால் மாப்பிள்ளைக்கு என்ன ஆகுமோ தெரியாது. எதைக் கேட்பேன்? பக்கத்தில் இருந்த பெண்களிடம் கிருபாவைக் கைகாட்டிவிட்டு அவர் பின்னாலேயே ஓடினேன். ஓடிக்கொண்டே, "ஆண்டவரே, போலாமா வேணாமா, ஒரு வார்த்த சொல்லும்" என்று ஜெபித்தேன். வானத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. என் கைதான் தானாக எழுந்தது.

அந்தக் கட்டிடத்தில் தரைத்தளம் முழுவதும் வண்டி நிறுத்துகிற இடம். சுவரே கிடையாது, வெறும் தூண்கள்தான். படிக்கட்டுக்குப் பக்கத்துத் தூண்களுக்கு அழகுக்காகப் பளபளவென்று டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பீங்கான் எதைக் கண்டாலும் தட்டுவேன். வந்த நாளிலிருந்து, போகும்போதும் வரும்போதும் அந்தத் தூண்களை விரல் முட்டியால் தட்டிவிட்டுத்தான் லிஃப்டில் ஏறுவேன். "மானத்த வாங்காதம்மா" என்று கிருபா சிணுங்குவாள். அவை எப்படிப் பேசும் என்று என் காதுக்குத் தெரியும்.

தோசைத் திருப்பியின் கைப்பிடியால் முதல் தூணைத் தட்டினேன். முழங்காலுக்குக் கீழே 'பொத்' என்றது. அடுத்த தூண், 'பொத்'. மூன்றாவதும் அப்படியே. ஒரு டைல்கூட உடையவில்லை. முந்தின நாள் சாயந்திரம் கெட்டியாகப் பேசிய தூண்கள் அவை.

மாப்பிள்ளை முதல் படியில் கால் வைத்துவிட்டார். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். மாமியார் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடிப்பதா? ஊர் ஜனம் முழுக்கப் பார்க்கிறது.

"போவாதீங்க மாப்ள! தூணு உள்ளாற உட்டுப்போச்சு!"

"அத்தை, விடுங்க. எத்தன பேரு போயிட்டு வந்தாங்க! டைல்ஸ் சரியா ஒட்டியிருக்க மாட்டான், அதான் அந்தச் சத்தம். நீங்க சூப்பர்வைசரு, ஆபீஸுல உக்காந்திருக்கறவங்க, உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

அந்த இடத்தில் ஆண்டவர் என்னை மடக்கிவிட்டார். பொய்யைப் பிடித்துக்கொண்டிருந்தால் மாப்பிள்ளை போய்விடுவார். பொய்யை விட்டால் என் மானம் போய்விடும். நான் படிக்கட்டுக்குக் குறுக்கே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் சூப்பர்வைசரு இல்லிங்க மாப்ள. பொய் சொன்னேன். நான் தட்டிப் பாக்கறவ. பதினாலு வருஷமா கம்பியால தட்டித் தட்டி, ஒடஞ்சது எது, நல்லது எதுன்னு பிரிக்கறவ. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. இது மட்டும் தெரியும். நேத்து இந்தத் தூணு நல்லாப் பேசுச்சு. இன்னிக்குப் பேசல. என்ன மெரிச்சிக்கிட்டுதான் நீங்க மேல போவணும்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு என் கையிலிருந்த தோசைத் திருப்பியை வாங்கினார். படிக்கட்டுத் தூணைத் தட்டினார். கடைசி மூலையில் இருந்த தூண்வரை நடந்து போய் அதையும் தட்டினார். அது கெட்டியாகப் பேசியது. திரும்பி வந்து மறுபடி இதைத் தட்டினார். அவர் முகம் மாறியது.

"எந்திரிங்க அத்தை. வெளியே போயிடலாம்" என்றார்.

அதோடு விடவில்லை. அவருக்குக் குஜராத்தி நன்றாக வரும். மேலே போயிருந்தவர்களையெல்லாம் கீழே நின்று கத்திக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டு ஹன்ஸாபென், மசாலா அரைப்பதற்கு என் மகளுக்கு மிக்ஸி கொடுத்து உதவுகிற அம்மா, ஓடி வந்து தன் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனார்கள். சிலர் எங்களைத் திட்டினார்கள். திட்டிக்கொண்டேதான் இறங்கினார்கள். வாட்ச்மேன் படிக்கட்டை மறித்துக் கயிறு கட்டினார். மாப்பிள்ளை எங்கெங்கோ அலைந்து, திறந்திருந்த ஒரு மருந்துக்கடையைக் கண்டுபிடித்து மாத்திரை வாங்கி வந்தார். கிருபாவின் வாயில் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மத்தியானத்துக்குமேல் பூமி மறுபடி அசைந்தது. சின்ன அசைவுதான். வேப்பூர் ரோட்டோரம் டீ குடிக்கும்போது லாரி போனால் பெஞ்ச் அதிருமே, அவ்வளவுதான். அதற்கே அந்தத் தூண்கள் மடங்கின. பத்து மாடியும் நின்ற நிலையிலேயே கீழே இறங்கி உட்கார்ந்தன. வண்டி நிறுத்தும் இடமே இல்லை. முதல் மாடி பால்கனி தரையில் இருந்தது. ஏழாவது மாடியில் எங்கள் துணி கொடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. படிக்கட்டு இருந்த இடத்தில் வெறும் புழுதி.

உள்ளே ஒருவரும் இல்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்! ஹன்ஸாபென் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவர்களுக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் வெகுநேரம் அழுதோம்.

மறுநாள் கட்டிடங்களைப் பார்வையிட ஒரு இன்ஜினீயர் தம்பி வந்தார். அவர் சொன்னதை மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொன்னார். ஒவ்வொரு கட்டிடத்துக்கும் தன்னுடைய ஆட்டம் ஒன்று இருக்கிறதாம். தூளிக்குக் கயிறு நீளமாக இருந்தால் மெதுவாக ஆடும், குட்டையாக இருந்தால் வேகமாக ஆடும், அதுபோல. பூமி தள்ளுகிற வேகமும் கட்டிடத்தின் ஆட்டமும் ஒத்துப்போனால் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். ஆடுவது தப்பில்லையாம். ஆடத் தெரிந்த கட்டிடம்தான் பிழைக்கும். எங்கள் கட்டிடத்தில் மேலே எல்லா மாடியிலும் சுவர் இருந்ததால் அது ஒரே பெட்டியாக விறைத்து நின்றது. கீழே சுவர் இல்லாததால் வளைய வேண்டியதையெல்லாம் அந்தத் தூண்களே வளைந்து தீர்த்தன. தூணுக்குள் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங்குகளையும் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்களாம். முதல் ஆட்டத்திலேயே உள்ளே நொறுங்கி, டைல்ஸ் மட்டும் மூடி வைத்திருந்தது.

"நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று அவர் கேட்டார். நான் தோசைத் திருப்பியைக் காட்டினேன். அந்தத் தம்பி சிரிக்கவில்லை. "தட்டிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடாது. நல்ல சத்தம் வந்தாலும் நம்பி உள்ளே போகக் கூடாது. இனிமேல் பக்கத்திலேயே போகாதீர்கள்" என்று கண்டித்தார். சரியான பேச்சு. வாசிக்கிற நீங்களும் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. பக்கத்துத் தெருவில் விழுந்த கட்டிடத்தில் தாய்மார் இருந்தார்கள், பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களும் கடவுளைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்களை ஏன் காப்பாற்றினார், அவர்களை ஏன் எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். அவர்களுக்காக அழுகிறேன், எனக்குக் கிடைத்ததற்காக நன்றி சொல்கிறேன். இரண்டையும் சேர்த்துத்தான் செய்கிறேன்.

நாங்கள் பத்திரமாக விருத்தாசலம் வந்து சேர்ந்தோம். மார்ச் கடைசியில் கிருபாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஊருக்கு வந்து வேலைக்குப் போன முதல் நாள், தட்டிலிருந்து ஒரு ஃபியூஸை எடுத்துத் தட்டினேன். கணீரென்றது. அடுத்ததைத் தட்ட முடியாமல் கண் மறைத்துவிட்டது. பதினான்கு வருஷம் பதில் வரவில்லை என்று முணுமுணுத்தேனே, தினமும் எட்டு மணி நேரம் அவர் என் காதைத் தயார் செய்துகொண்டிருந்திருக்கிறார். நான் கேட்டபடி விடுவித்திருந்தால், அன்றைக்கு அந்தத் தூண்கள் மடங்கியபோது உள்ளே எத்தனை பேர் இருந்திருப்பார்களோ, என் மாப்பிள்ளையும் அதில் ஒருவராக இருந்திருக்கலாம். டிக்கெட் கிடைத்திருந்தால், படிக்கட்டில் குறுக்கே உட்கார நான் அங்கே இருந்திருக்க மாட்டேன்.

பேரனின் ஞானஸ்நானத்துக்குச் சம்பந்தி வீட்டார் எல்லோரும் வந்தார்கள். என் பொய்யைப் பற்றி மாப்பிள்ளை அவர்களிடம் மூச்சே விடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. யாரோ ஒரு உறவுக்காரம்மா சாப்பிடும்போது என்னிடம், "கம்பெனியில என்ன வேலைங்க?" என்று கேட்டார்கள். சம்பந்தியம்மா முந்திக்கொண்டு, "அவங்க சூப்பர்வைசரு" என்றார்கள். மாப்பிள்ளை பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியோடு என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க அத்தை" என்றார். நான் எழுந்து நின்று, அங்கேயே, சாம்பார் வாளிக்குப் பக்கத்தில், இந்தச் சாட்சி முழுவதையும் சொன்னேன். அன்றைக்கு மட்டும் எனக்கு அழுகை வரவில்லை. சம்பந்தியம்மாதான் அழுதார்கள்.

அன்பானவர்களே, கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒரு ஜெபம் உங்களிடமும் இருக்கலாம். பதில் வரவில்லை என்று அவரை விட்டுவிடாதீர்கள். வேண்டுமானால் என்னை மாதிரி சண்டை போடுங்கள், அவர் தாங்குவார். பேசுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

அந்த வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லி இப்போது நான் கேட்பதில்லை. மாப்பிள்ளை இப்போது நம் ஊர்ப் பக்கமே வேலைக்கு வந்துவிட்டார்; சனிக்கிழமைகளில் பேரன் கிருபாவின் கையைப் பிடித்துக்கொண்டு கம்பெனி வாசலில் என்னை அழைத்துப் போக வருவான். "ஆயா என்ன பண்றாங்க?" என்று வாட்ச்மேன் கேட்டால், காற்றில் கையை ஆட்டித் தட்டிக் காட்டுவான். எனக்கு அது போதும்.