மூன்றாவது நாற்காலி

முதல் வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டவை மூன்று நாற்காலிகள். ஒன்று டாக்டருக்கு, ஒன்று எனக்கு, மூன்றாவது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சருக்கு. எழுபதுகளின் கடைசியில், இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்தது இது.

நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. அதற்கு இரண்டு மாதம் முன்பு என் தங்கை, தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே பிரசவத்தில் இறந்துபோனாள். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அன்று காலையிலிருந்து லொறி கேட்டோம். டிஸ்பென்சர் அனுமதித் துண்டு எழுதிக் கொடுத்தால்தான் லொறி வரும். முதல் பிள்ளைக்கு இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அவர் எழுதவில்லை. அதன் பிறகு கரும்பலகை முன் நின்றால் எனக்குக் குரல் வரவில்லை. வகுப்புக்குத் திரும்பலாம் என்று டாக்டர் எழுதித் தராவிட்டால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

பேசவைத்துக் குணப்படுத்தும் அந்த டாக்டர் வாரம் ஒருமுறை வருவார். சிங்களப் பெண்மணி, தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று தோட்ட நிர்வாகம் என்னோடு அனுப்பியது அதே டிஸ்பென்சரை.

இரண்டு வியாழன்கள், மனதில் உள்ளதைச் சொல்லும்படி டாக்டர் கேட்டார். நான் மேசை விரிப்பிலிருந்த மைக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதிலாக டிஸ்பென்சர் பேசினார். இரத்தம் குறைவு, தூக்கம் இல்லை, படித்த பெண் இல்லையா, அதிகம் யோசிக்கிறாள். அந்த அளவு சிங்களம் எனக்கும் புரியும். டாக்டர் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் வாரம் பஸ்ஸில் வரும் வழியெல்லாம், கடைத்தெருவில் பழகிய சிங்களத்தில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அறைக்குள் போய், உட்காராமலே டாக்டரிடம் சொன்னேன். இவர் வெளியே போனால் பேசுகிறேன் என்பதுதான் அது.

டிஸ்பென்சர் சிரித்தார். பிறகு தமிழில், “டீச்சர், யாரால இங்க வந்தீங்கன்னு நெனப்பிருக்கா?” என்றார்.

“இருக்குங்க. என் தங்கச்சி யாரால இங்க வராமப் போனான்னும் நெனப்பிருக்கு.”

தோட்டத்தில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. என் அப்பாவும் அம்மாவும் அந்தத் தோட்டத்து லயத்தில்தான் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன வரலாம் என்று தெரிந்துதான் பேசினேன். நாங்கள் தமிழில் பேசியது டாக்டருக்குப் புரிந்திருக்காது. இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவால் டிஸ்பென்சருக்குக் கதவைக் காட்டினார்.

அவர் போனதோடு என் சிங்களமும் தீர்ந்துவிட்டது. மீதியைத் தமிழிலேயே சொன்னேன். லொறியைச் சொன்னேன், எழுதாத துண்டைச் சொன்னேன், தங்கை கடைசியாகத் தண்ணீர் கேட்டதைச் சொன்னேன். சுவர்க் கடிகாரத்தில் முப்பத்தைந்து நிமிடம். டாக்டர் ஒரு சொல்லும் எழுதவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குரல் எங்கும் தடைப்படவில்லை.

பேச வராமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் இன்றும் நான் சொல்வது இதுதான்: எது உங்களைப் பேசவிடவில்லையோ, அதிலிருந்தே தொடங்குங்கள்.

அடுத்த வியாழன் நான் போனபோது அந்த அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன.