மகள் கேட்ட கைத்துப்பாக்கி

கடைக்காரர் கண்ணாடி மேசையில் பச்சைத் துணியொன்றை விரித்து இரண்டு துப்பாக்கிகளையும் அதன்மேல் வைத்தபோது நான் ஓரடி பின்னுக்கு நகர்ந்தேன். அவர் கவனிக்கவில்லை. மகள் கவனித்தாள்.

இரண்டும் காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கிகள். பத்து மீற்றர் தூரத்தில் இருக்கும் கடதாசியில் சின்ன ஈயக் குண்டொன்றைப் பதிப்பதுதான் அவற்றின் வேலை. போட்டிகளுக்கென்றே செய்யப்பட்டவை. இந்த வலுவில் உள்ளவற்றை வாங்க இந்த நாட்டில் லைசன்ஸ் தேவையில்லை. இதையெல்லாம் மகள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது தலையாட்டுவேன். ஆனால் பார்வைக்குத் துப்பாக்கி துப்பாக்கியாகத்தான் இருந்தது.

அவளுக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வருடமே அங்கிருந்த சூட்டுப் பயிற்சிக் கழகத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து எங்களிடம் சொன்னாள். கழகம் ஒரு துப்பாக்கியை இரவல் கொடுத்திருந்தது. பயிற்றுநர் அவளை வசந்தகாலப் போட்டிக்குத் தெரிவு செய்திருந்தார். இரவல் துப்பாக்கியைப் புதிதாகச் சேருபவர்களுக்காக மாத முடிவில் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதற்குள் சொந்தமாக ஒன்று வேண்டும். மருந்துக்கடையில் பகுதிநேர வேலை செய்து சேர்த்த காசு மலிவானதற்குக் காணும். விலையானது அதைப்போல மூன்று மடங்கு. மிச்சத்தைத்தான் என்னிடம் கேட்டாள்.

மலிவானதில் ஒவ்வொரு முறை சுடுமுன்னும் பக்கத்தில் இருக்கும் நெம்புகோலை இழுத்து மடக்கிக் காற்றை அடைக்கவேண்டும். போட்டியில் அறுபது முறை சுடவேண்டும். கடைசிப் பத்தில் மணிக்கட்டு விட்டுப்போகும் என்றாள். விலையானதில் குழலுக்குக் கீழே ஒரு காற்றுச் சிலிண்டர் இருக்கும், இழுக்க வேண்டியதில்லை. மரப்பிடியும் அவளுடைய சின்னக் கைக்கு அளவாக வரும்.

"கொஞ்ச நாளில விட்டிடுவாய். வயலினை விட்டாய், கராட்டியை விட்டாய்" என்றேன்.

"வயலினுக்கும் கராட்டிக்கும் நீங்கள் சேர்த்தது. இதுக்கு நான் சேர்ந்தது."

என் கணவர் ஒரு கிழமையாக இரண்டையும் ஒப்பிடும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்சரும், இதைத் திருப்பி வித்தாலும் முக்கால்வாசிக் காசு வரும். உம்மட காரை வித்தா வருமே?" என்றார். கார் என்ற சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். வீடியோவை நிறுத்தினார்.

கார் விஷயம் நடந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. அஜின்கோர்ட் பகுதியில் ஒரு கடைத்தொகுதியில் மீன் வாங்கிக்கொண்டு வந்து காருக்குள் ஏறியிருந்தேன். நல்ல வெயில், பட்டப்பகல், சுற்றிவரச் சனம். கண்ணாடியை ஒருவன் தட்டினான். வழி கேட்கிறான் என்று நினைத்துக் கண்ணாடியை இறக்கினேன். அவனுடைய முகம் எனக்கு இப்போது ஞாபகமில்லை. கையில் இருந்த துப்பாக்கியின் ஓட்டை ஞாபகமிருக்கிறது. கார்த் திறப்பைக் கொடுத்துவிட்டு மீன் பையோடு இறங்கினேன். கார் போனபிறகும் அந்தப் பையைக் கீழே வைக்காமல் நின்றேனாம், பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார். பிறகு கார் பக்கத்து நகரமான பிறம்ரனில் ஒரு களஞ்சியத்துக்குப் பின்னால் கிடைத்தது. அதைத் திரும்ப ஓட்டுகிறேன். ஆனால் சிவப்பு விளக்கில் யாராவது பக்கத்தில் நடந்து வந்தால் இன்னும் கண்ணாடி முழுதாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.

இந்த நிலையில்தான் மகள் துப்பாக்கி கேட்டாள். எனக்கு எது விலையானது, எது மலிவானது என்பதெல்லாம் வாயால் பேசிய கதை. உள்ளே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு சனிக்கிழமை காலையில் வெளியே வந்தது.

மகள் சாப்பாட்டு மேசையில் இரவல் துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டுக் குளிக்க மேலே போயிருந்தாள். வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டு ஜன்னலால் பார்த்தேன். பொலிஸ் கார். அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. துப்பாக்கியைச் சமையல் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் அரிசி வாளியின் மூடியைத் திறந்து முழங்கை புதையும்வரை உள்ளே தள்ளினேன். மூடினேன். கதவைத் திறந்தேன்.

வந்தவர் இளம் பொலிஸ்காரர். விசாரணைக்காக என் காருக்குள்ளிருந்து எடுத்து வைத்திருந்த கைப்பையைத் திருப்பித் தர வந்திருந்தார். இன்னும் ஏதாவது ஞாபகம் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். என் கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் அரிசித் தவிடு வெள்ளையாக ஒட்டியிருந்தது. "சமைக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஓமென்றேன். வாசனை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அடுப்பில் ஒன்றுமே இருக்கவில்லை.

தலையில் துவாயோடு மகள் இறங்கி வந்தாள். "அம்மா, என்ர பிஸ்டல் எங்க?"

நான் வாளியைக் காட்டினேன்.

"அரிசிக்குள்ளயா? வாட் த... அம்மா, அது லீகல்! மேசையில இருந்தாலும் அந்தாள் ஒண்டும் சொல்லியிருக்காது!"

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் ஒளிச்சனீங்கள்?"

யாழ்ப்பாணத்தில் ஆமிக்காரர் வீடுகளைச் சுற்றிவளைத்துத் தேடும் நாட்களில், தம்பியின் விளையாட்டுத் துப்பாக்கியை என் அம்மா கிணற்றுக்குள் எறிந்தார். குண்டுக்கென்று சந்தேகப்படுவார்கள் எனப் பயந்து ரோர்ச் லைற் பற்றரிகளை அரிசிப் பானைக்குள் போட்டார். பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான். ஒரு பொருள் குற்றமா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்கவில்லை. சீருடையைக் கண்டால் கை தானாக வேலை செய்யும். இதை நான் மகளுக்குச் சொன்னேன். அவள் துவாயை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் கழகத்தில் துப்பாக்கியைக் கழற்றியபோது குழலுக்குள்ளிருந்து ஒரு சம்பா அரிசி விழுந்ததாம். பயிற்றுநர் அதை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாராம். குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கணவர் அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டு, "ஈயம் பட்ட அரிசி. நாங்கள் செத்தா, கொலை எண்டு எழுதுவாங்களோ, சமையல் எண்டு எழுதுவாங்களோ?" என்றார். வாளியிலிருந்த அரிசியை நான் அப்போதே கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கியிருந்தேன், அவருக்குத் தெரியாது.

மகள் சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, விலைதான் பிரச்சினையெண்டா ஓகே. நான் மலிவானதை வாங்குறன். ஆனா அது இல்லையே. கை நோகும், போட்டியில தோப்பன், பிறகு நானே விட்டிடுவன் எண்டுதானே பாக்கிறீங்கள்?"

குழாயை மூடினேன். அப்படி ஒரு கணக்கு எனக்குள் இருந்தது என்பதை அவள் சொன்ன பிறகுதான் முழுதாகக் கண்டேன்.

"ஓம்" என்றேன்.

"நான் விடமாட்டன். தோத்துத் தோத்துச் செய்வன். அவ்வளவுதான் வித்தியாசம்."

அவள் கோபப்படவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

அப்படித்தான் அடுத்த கிழமை இந்தக் கடைக்கு வந்தோம். கடைக்காரர் வயதான வெள்ளைக்காரர், ஒருகாலத்தில் தானும் போட்டிகளில் சுட்டவராம். நான் பயிற்சி, திருத்தம், உத்தரவாதம் என்று தயார்செய்து வந்த கேள்விகளையெல்லாம் விட்டுவிட்டு, "இதைக் காட்டி ஒருவரை மிரட்டலாமா?" என்று கேட்டேன்.

மகள் கண்ணை மூடினாள்.

அவர் அதை விசித்திரமான கேள்வியாக எடுக்கவில்லை. "பார்க்கிற ஆளுக்கு இதுவும் உண்மையான துப்பாக்கிதான். பொலிசுக்கும் அப்படித்தான். அதனால் வீட்டுக்கும் கழகத்துக்கும் நடுவில் பெட்டியைத் திறக்கவே கூடாது. பூட்டித்தான் கொண்டுபோக வேண்டும்" என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே வெளியே வந்திருப்பேன்.

மகள் முதலில் மலிவானதை எடுத்தாள். நெம்புகோலை இழுத்து மடக்கி, சுவரில் இருந்த கறுப்புப் புள்ளிக்குக் கையை நீட்டினாள். குண்டு போடவில்லை, கையைப் பழக்கத்தான். திரும்பத் திரும்ப இழுத்து நீட்டினாள். பிறகு என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, மணிக்கட்டை இரகசியமாகத் தேய்த்தாள். விலையானதைக் கையில் எடுத்தபோது கடைக்காரர் பிடியைக் கழற்றிச் சின்ன அளவு ஒன்றை மாட்டிக் கொடுத்தார். அவள் கையை உயர்த்தினாள். உயர்ந்த கை அப்படியே நின்றது. மூச்சு அடங்குவது தோளில் தெரிந்தது. நான் அங்கே நிற்பதை அவள் மறந்துவிட்டாள். அவளை அவ்வளவு அமைதியாக நான் கண்டதில்லை. எனக்குப் பயம் ஒரு துளியும் குறையவில்லை. இவளை இதிலிருந்து பிரிக்க நோவைத்தான் நம்பியிருந்தேன் என்பது மட்டும் வெட்கமாக இருந்தது.

"விலையானதையே எடு" என்றேன்.

"ஷுவரா, அம்மா?"

"இல்லை. கேக்காமல் எடு."

பெட்டியைப் பூட்டி, டிக்கியில் வைத்து, அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டேன். பிறகு போர்வை ஒளிப்பதுபோல் தெரியுமோ என்று எடுத்தேன். மகள் டிக்கியை மூடினாள். ஹைவேயில் வலதுகரை லேனைப் பிடித்தேன். லொறிகள் எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போயின.

"அம்மா, எழுபதில போறீங்கள்."

"ஓம்."

"இப்பிடிப் போனாத்தான் பொலிஸ் மறிப்பான்."

கொஞ்சம் வேகத்தைக் கூட்டினேன். அவள் என் கையை எட்டிப் பார்த்தாள்.

"கடை பில்லை ஏன் ஸ்டியரிங்கோட சேத்துப் பிடிச்சிருக்கிறீங்கள்? தாங்கோ, நான் வச்சிருக்கிறன்."

"வேண்டாம், பிள்ளை. மறிச்சா உடன காட்டவேணும்" என்றேன். வீடு வரும்வரை நான்தான் பிடித்திருந்தேன்.