முந்திரி உடைக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த கதை

சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில், சேர்ந்த அன்றே பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மூன்று வருடம் கழித்துத்தான் வெளியே வரும். பீரோவுக்கு மேலே சாமி படம். நாங்கள் கும்பிட்டது தன்னையா, மார்க் ஷீட்டையா என்று அந்தச் சாமிக்கே சந்தேகம் வந்திருக்கும்.

புடவைப் பிரிவில் என்னோடு நின்ற குறிஞ்சிப்பாடிப் பெண்ணுக்கு சூப்பர்வைசரால் தொல்லை. மேல் தட்டிலிருந்து புடவை எடுக்கிற சாக்கில் இடுப்பை உரசுவான். "ஓங்கி ஒண்ணு வுட்டுடுவேன்க்கா. மார்க் ஷீட்டு உள்ள கெடக்குதே!" என்பாள். மார்க் ஷீட்டைத் திருப்பிக் கேட்ட மூன்று தடவையும் முதலாளி, "பத்திரத்துல என்னா இருக்கோ அதான்" என்று முடித்துவிட்டார்.

அப்படி என்னதான் இருக்கிறது? நாங்கள் இருவருமே படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருந்தோம். வேலை கிடைத்த பெருமையில் ஸ்டேட்டஸ் வைக்க அவள் பத்திரத்தை எடுத்த போட்டோ போனில் கிடந்தது. பெரிதாக்கிப் பார்த்தோம். 'மூன்றாண்டுகளுக்கு வேறு எந்த ஆலையிலும் முந்திரி உடைக்கமாட்டேன்.' பண்ருட்டிப் பக்கத்து முந்திரி ஆலைக்கு அடித்த பத்திரத்தில் டைப் அடித்தவர் கடைப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். முதலாளியும் எங்களைப் போலத்தான், படிக்கவில்லை.

வார லீவில் கடலூர் தொழிலாளர் அலுவலகத்துக்கு பஸ் ஏறினோம். சூப்பர்வைசர் விஷயத்தையும் சொல்லி, போனில் இருந்த பத்திரத்தைக் காட்டினோம். அதிகாரி அம்மா படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"முந்திரிய வுடும்மா. ஒழுங்கா அடிச்சிருந்தாலும் உன் ஒரிஜினல அவுங்க புடிச்சி வெக்கக் கூடாது. கடையில எத்தினி பேரு?"

"எட்டு பேரு மேடம்."

"பத்துக்குக் கொறைச்சலா? அப்ப கடையிலயே புகார் கமிட்டி இருக்காது. அந்தாளு மேல கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற பெண்கள் புகார்க் குழுவுக்கே எழுதிக் குடு." அங்கேயே கடைக்கும் போன் போட்டார்.

மறுநாள் பீரோ திறந்தது.

"இதுக்குப் போயி கடலூர் வரைக்குமா? ஏங்கிட்ட கேட்டா குடுக்க மாட்டனா?" என்றார் முதலாளி, ஏதோ எங்களால் மனம் உடைந்தவர்போல.

அவள் மார்க் ஷீட்டில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் துடைத்துப் பையில் வைத்தாள்.

"வேலைக்கு வருவியா, மாட்டியா?"

"வருவேன் சார். வேற எங்கியும் முந்திரி ஒடைக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேனே!"

பிறகு சூப்பர்வைசர் பார்க்கப் பார்க்க, பில் போடும் மேஜையில் உட்கார்ந்து புகாரை எழுதினாள். அவன் அன்று முழுக்க வேட்டிப் பிரிவை விட்டு வரவில்லை. சாட்சிக் கையெழுத்து என்னுடையது. இந்தத் தடவை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் போட்டேன்.