குன்னத்துகாலில் நாறாத சாணம்

குன்னத்துகாலில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், என் தங்கை சுஜாவின் சாண உரக் கொட்டகை இருக்கிறது. சிரிக்காதீர்கள். மாசி முதல் சனிக்கிழமை நான் போனதே அதற்காகத்தான். அன்று பஞ்சாயத்து அதிகாரி பார்வையிட வருகிறார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் சுஜா தன் ஆறு மாடுகளையும் விற்றாக வேண்டும்.

நாகர்கோவிலில் காலை 7.10 பாசஞ்சர். கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலைக்குப் பத்து ரூபாய், ஒரு மணி நேரம். அங்கிருந்து எட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 230 ரூபாய். வழி சொன்னதும் ஓட்டுநர், "ஓ, சாணம் நாறுத வீடா? அறியும் சாறே. அவங்க சாறுக்கு ஆரு?" என்றார். "தெரிஞ்சவங்க" என்றேன். வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

முன்பு நாற்றம் இருந்தது பொய்யில்லை. இங்கே எல்லோரையும் போல சுஜாவும் சாணத்தைச் சரிவின் அடியில், வேலியோரக் குழியில்தான் கொட்டிவந்தாள். அதற்குக் கீழே பக்கத்து வீட்டு மேரி அக்காவின் கிணறு. ஐப்பசி மழையில் குழி வழிந்து கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. மேரி அக்கா புகார் கொடுத்தார். பதறிப்போன சுஜா, மழைக்காலத்தில் ரப்பர் மரத்துக்குக் கட்டும் பிளாஸ்டிக்கை எடுத்துக் குழியை இறுக்கி மூடினாள். காற்றுப் போகாமல் உள்ளே அழுகி, நாற்றம் ரோடு வரைக்கும் வந்தது!

பிறகுதான் புத்தி வந்தது. குழியைத் தூர்த்துவிட்டு மேட்டில் சிமெண்ட் தளம், தகரக் கூரை போட்டாள். மூத்திரம் தனித் தொட்டிக்குப் போகும். ஒரு கூடை சாணத்துக்கு இரண்டு கூடை காய்ந்த ரப்பர் இலை, வாரம் ஒருமுறை புரட்டல். இலைக்கு எங்கே போவது? மேரி அக்காவின் ரப்பர் விளைக்கு, அதாவது தோட்டத்துக்குத்தான். புகார் கொடுத்தவர் வாசலிலேயே போய் நின்றிருக்கிறாள், என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

"எப்படி கேட்டே?" என்றேன்.

"தீ வைக்குத இலைய எனக்குத் தாருங்க, ஒங்க கெணத்த நான் எறச்சுத் தாறேண்ணு கேட்டேன், அண்ணா."

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். குவியலுக்குள் கைவிட்டவர் சூடு தாங்காமல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். முகர்ந்து பார்த்தார், மண்வாசனைதான். கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனைத் தாளும் சரியாக இருந்தது. கடைசியில் வேலிப்பக்கம் நின்ற மேரி அக்காவிடம், இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். அக்கா விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டார். நான் தொழுவத்தில் நின்ற ஆறு மாடுகளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

மேரி அக்கா கண்ணாடி டம்ளரோடு திரும்பி வந்தார். "குடியும் சாறே. எனக்க கெணத்து வெள்ளத்துல போட்ட சாயாவாக்கும்."

அதிகாரி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சுஜா அழுதாள். நானும்தான், மறைப்பானேன்.

போக நினைப்பவர்கள் இலை உதிரும் தை, மாசியில் போங்கள். கழுவக்கூடிய செருப்பு போதும். உரத்தைப் பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. ஈரத்துக்கு அதுதான் கணக்கு. விளக்கம் கேட்டால் சுஜா மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிடுவாள், தப்பிக்க முடியாது. என் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

திரும்பும்போது அதே ஆட்டோ. "அந்த வீட்டுல இப்போ நாத்தம் உண்டா சாறே?" என்றார் ஓட்டுநர்.

"ஒரு பொட்டு இல்லை. அது எனக்க தங்கச்சி வீடாக்கும்" என்றேன். பாறசாலை வரைக்கும் அவரை நான் வேறு பேச்சுப் பேசவே விடவில்லை.