மதிலின் தென்புறம்

செஞ்சிக் கோட்டை வாசலில் வெள்ளரிப்பிஞ்சு விற்ற அந்த அம்மாவை நான் இரண்டு முறைதான் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, தலையில் ஈரத் துண்டு. பேசும்போதே கையை நீட்டி, தரையில் அதன் நிழலைப் பார்த்துக்கொள்வார்.

மாசியில் அவர் மதிலின் வடபுற நிழலில் இருந்ததாக டைரியில் குறித்திருந்தேன். வைகாசியில் ஓர் உச்சிவேளையில் போனபோது தென்புறத்தில் உட்கார்ந்திருந்தார்.

“இடம் மாறிட்டீங்களே? வடக்கேதானே நிழல்?”

“இன்னா சார், அங்க போய் நின்னு பாரு, மண்டை காஞ்சிடும்” என்று சிரித்தார். “மாசியில சூரியன் தெக்கால சாஞ்சி போச்சு. சாஞ்ச வெயிலு அவ்ளோ சுடாது. இப்ப தலைக்கு மேல ஏறி வடக்கால தாண்டிடுச்சு. நேரா எறங்குற வெயிலு சும்மா வுடுமா? பிஞ்சு வாடிட்டா எவன் வாங்குவான்?”

சூரியன் பக்கத்தில் வருவதால்தான் கோடை என்று ஐம்பது வயதுவரை நம்பியிருந்தேன். மதிலைச் சுற்றி நடந்தேன். சத்தமே இல்லாத அந்த வெயிலில் மலைகூட மிதப்பதுபோல் இருந்தது. வடபுறம் முழுக்க வெயில். தென்புறத்தில் ஒரு முழ அகலத்துக்கு நிழல்.

அந்த நிழலில் கூடை இருந்தது. அவர் வெயிலில் இருந்தார்.